எம்.எஸ். நரம்பு நோயும் இல்லறமும்: போன் வழித் துணையோடு வீட்டிலேயே சமாளிக்கும் முறை



பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் மருமகள் ஒருத்தி, அடுப்படியில் பத்து நிமிஷம் நின்றதும் "என்னால முடியலை" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் என்ன பேச்சு எழும்? "வேலைக்கள்ளி" என்பார்கள். "தாய்வீட்டுக்குப் போக நடிக்கிறாள்" என்பார்கள். களத்துமேட்டில் கால் பின்னி விழுந்த வாலிபனைப் பார்த்து, "காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டான்" என்பார்கள்.

இப்படிப் பழி கேட்பவர்களில் சிலருக்கு உண்மையாகவே ஒரு நரம்பு நோய் இருக்கக்கூடும். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். நம் பக்கத்தில் அபூர்வமான நோய்தான். ஆனாலும் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், குடும்பம் தழைக்கும் காலத்தில் தொடங்குவதால், இது குடும்ப நலத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

நரம்பு டாக்டர் இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில். நீங்கள் இருப்பது கிராமத்தில். ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் செலவும் ஆச்சு. மாதத்தில் ஒரு நாள் டாக்டர் பார்ப்பார். மீதி 29 நாளும் நோயைப் பார்த்துக்கொள்வது யார்? நீங்கள் இரண்டு பேரும்தான். அதை எப்படிச் செய்வது, கையில் உள்ள போனை அதற்கு எப்படித் துணையாக்கிக்கொள்வது என்பதே இந்தப் பாடம். ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர் கேளுங்கள்.

1. இது என்ன நோய்?

கிணற்று மோட்டாருக்குப் போகும் கரண்ட் வயரைப் பாருங்கள். உள்ளே கம்பி, மேலே உறை. உறை உரிந்துபோனால் மோட்டார் விட்டு விட்டு ஓடும், சில சமயம் நின்றே போகும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கும் மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. அதை மையலின் என்பார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் சக்தி, தவறுதலாக இந்த உறையையே தாக்குவதுதான் எம்.எஸ். காவலுக்கு வைத்த நாய் சொந்த ஆட்டையே கடித்த கதை.

எந்த இடத்து உறை பழுதாகிறதோ அதற்குத் தக்கபடி அடையாளம் தெரியும்:

• ஒரு கண்ணில் பார்வை மங்குதல், அந்தக் கண்ணை அசைத்தால் வலி
• கை, கால், முகத்தில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி
• கால் பலவீனம், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை
• கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடித்தது போன்ற உணர்ச்சி
• சிறுநீர் அடக்க முடியாமை, அல்லது முழுதும் போகாமை
• காரணம் தெரியாத கடுமையான சோர்வு

பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதும் அடங்குவதுமாக இருக்கும். சில வாரம் தொல்லை கொடுக்கும், பிறகு தணியும், மாதங்கள் அல்லது வருஷங்கள் கழித்து மறுபடி தலைகாட்டும். சிலருக்கு மெல்ல மெல்ல அதிகமாகிக்கொண்டே போகும்.

1868-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்க்கோ இதைத் தனி நோய் என்று விளக்கிக் காட்டினார். ஆகவே செய்வினை, காற்று கருப்பு, பூர்வ ஜன்ம பாவம் என்று அலைந்து காலத்தையும் காசையும் விரயம் செய்யாதீர்கள். இது தொற்றுநோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன அடையாளங்கள் சர்க்கரை நோயிலும், பி12 சத்துக் குறைவிலும், வேறு நரம்பு நோய்களிலும் வரும். நேரில் பரிசோதனை செய்து, எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் நரம்பு டாக்டர் முடிவு சொல்ல முடியும். முதல் பரிசோதனைக்குப் போன் போதாது. கஷ்டப்பட்டாவது நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

2. போனால் என்ன பிரயோசனம்?

"போன்ல பேசினா நோய் போயிடுமா?" என்று கேட்பீர்கள். போகாது. எம்.எஸ். நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அந்த மருந்தோடு, சோர்வையும் வலியையும் மனக்கவலையையும் அன்றாடம் சமாளிக்கும் பழக்கமும் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் போன் வழியாகவே கற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் எம்.எஸ். உள்ள 163 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2015-இல் வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை, எட்டு வாரம், தொலைபேசியில்தான் எல்லாம். ஒரு பாதிப் பேருக்குச் சமாளிக்கும் முறைகளைப் பழக்கினார்கள். மறு பாதிக்கு நோயைப் பற்றிய விஷயங்களை விளக்கினார்கள். இரண்டு பிரிவிலும் பலருக்குச் சோர்வும் வலியும் மனச்சோர்வும் குறைந்தன. ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோதும் பலன் நீடித்தது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? விஷயம் தெரிந்த ஒருவர், ஒழுங்காக, வாரா வாரம் கூப்பிட்டு அக்கறையாகப் பேசினால் அதுவே பெரிய துணை.

நம் நாட்டில் 2020 மார்ச் 25-இல் அரசு தொலை மருத்துவ விதிகளை வெளியிட்டது. நேரில் பார்த்த டாக்டர், பிறகு போனிலோ வீடியோவிலோ தொடர்ந்து ஆலோசனை சொல்வதற்கு இதில் இடம் உண்டு. ஈ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவை மூலம் உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்திலிருந்தே தொலைவில் உள்ள டாக்டரோடு பேசலாம். எந்த நாளில், எந்த நேரத்தில் என்று நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை நரம்பு டாக்டரைப் பார்க்கும்போது, எழுந்து வருமுன் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

அ. சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?
ஆ. எந்த நேரத்தில் செய்யலாம்?
இ. எதற்குப் போன், எதற்கு நேரில்?

அந்த நம்பரைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். காலண்டரில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

இன்னொன்று. வீட்டில் ஒரே போன் இருந்து, அது காலையில் கணவன் சட்டைப் பையில் ஏறி ராத்திரிதான் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் நோயாளி மனைவிக்குப் போன் இல்லை என்றே அர்த்தம். ஐயா, பேசும் நாளில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சார்ஜும் போட்டு வையுங்கள். அவர் தனியாகப் பேச அரை மணி நேரம் விடுங்கள். மாமியார் எதிரில், கூடத்தில் நின்றுகொண்டு சிறுநீர்த் தொல்லையைப் பற்றி எந்தப் பெண் வாய் திறப்பாள்?

3. வாரா வாரம் எப்படிப் பேசுவது?

வெறுமனே "எப்படி இருக்கீங்க?", "இருக்கேன்" என்று பேசி வைத்துவிட்டால் பிரயோசனம் இல்லை. போன வாரம் நினைத்தது நடந்ததா, எது தடுத்தது, இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்ற வரிசையில் பேச வேண்டும். இந்த மாதிரியைப் பாருங்கள்:

நர்ஸ்: வணக்கம்மா. போன வாரம் என்ன செய்யறதாச் சொன்னீங்க?
மனைவி: தினமும் காலையில பத்து நிமிஷம் நடக்கறேன்னு சொன்னேன் சிஸ்டர். மூணு நாள்தான் முடிஞ்சது.
நர்ஸ்: மூணு நாள் நடந்தீங்களே, நல்லது. மத்த நாள் எது தடுத்துச்சு?
மனைவி: பைப்புல தண்ணி வர்ற நேரமும் அதுதான். நாலு குடம் தூக்கினா அப்புறம் காலு கனத்துப் போகுது.
நர்ஸ்: நேரத்தை மாத்தலாமா, வேலையை மாத்தலாமா?
மனைவி: அவரு தண்ணி புடிச்சுக் குடுத்தா நடக்கலாம்.
நர்ஸ்: அவர்கிட்ட கேட்டீங்களா?
மனைவி: கேக்கலைங்க. ஆம்பளையைப் போயி எப்படிக் குடம் தூக்கச் சொல்றது?
நர்ஸ்: இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. இந்த வாரம் எத்தனை நாள் நடப்பீங்க?
மனைவி: நாலு நாள்.
நர்ஸ்: பத்துக்கு எத்தனை நம்பிக்கை?
மனைவி: எட்டு.
நர்ஸ்: அப்ப சரி. ஏழுக்குக் கீழே சொல்லியிருந்தா நாளைக் குறைச்சிருப்போம்.

கவனித்தீர்களா? நர்ஸ் உத்தரவு போடவில்லை. நோயாளியே முடிவு செய்கிறார். சின்னதாக, நாள் கணக்கோடு, முடியும் என்ற நம்பிக்கையோடு முடிவு செய்கிறார். இதுதான் சுயமாகச் சமாளிக்கும் முறையின் சாரம். ஐயா, மனைவி கேட்குமுன் அந்தக் குடத்தை நீங்களே எடுத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

4. நோட்டுப் புத்தகம்

போனில் பேசும்போது டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் குறிப்புதான் அவருக்குக் கண். ஒரு நோட்டு வாங்கித் தினமும் படுக்குமுன் நான்கு வரி எழுதுங்கள்:

• இன்று சோர்வு 10-க்கு எத்தனை?
• கண், கை, கால், சிறுநீர்: புதிதாக ஏதாவது உண்டா? எப்போது தொடங்கியது?
• காய்ச்சல், சளி, சிறுநீர் எரிச்சல் உண்டா?
• மருந்து எடுத்தாயிற்றா?

எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு, எம்.ஆர்.ஐ. முடிவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கேட்டால் உடனே அனுப்பலாம். அசல் தாள்களை ஒரே பையில் போட்டு வையுங்கள்.

5. சோர்வு: சோம்பல் வேறு, இது வேறு

எம்.எஸ். நோயில் மிகப் பெரும்பாலோர் சொல்லும் முதல் குறை இந்தச் சோர்வுதான். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தாலும் இருக்கும். பழுதான நரம்பின் வழியே சேதி போவதற்கு உடம்பு அதிகப் பாடுபட வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். வெளியே தெரியாத நோய் என்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

கையில் பத்து ரூபாய்தான் இருக்கிறது என்றால் எப்படிச் செலவு செய்வீர்கள்? முதலில் அரிசி, மிச்சம் இருந்தால் மற்றது. ஒரு நாளின் தெம்பையும் அப்படியே கணக்குப் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

• முக்கியமான வேலையைத் தெம்பு உள்ள வேளையில் வையுங்கள். பலருக்கு அது காலை நேரம்.
• களைத்த பிறகு ஓய்வு என்று இல்லாமல், களைக்குமுன்பே பத்துப் பதினைந்து நிமிஷம் ஓய்வு எடுங்கள்.
• காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்யுங்கள். அடுப்பு மேடை பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.
• துவைப்பதும் வீடு மெழுகுவதும் ஒரே நாளில் வேண்டாம்.
• குடம், விறகு, மாட்டுக்குத் தழை: இவை மற்றவர் பொறுப்பு.

ஓய்வு என்றதும் நாள் முழுக்கப் படுத்தே இருக்கவும் கூடாது. படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும். டாக்டர் சொன்ன அளவுக்கு நடையும், கை கால் நீட்டி மடக்கும் பயிற்சியும் தினமும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி சொல்லித்தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருவார்கள் என்று சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

6. உஷ்ணம்

உடம்பு சூடேறினால் எம்.எஸ். அடையாளங்கள் தற்காலிகமாக அதிகமாகும். உறை பழுதான நரம்பில் சூடு ஏறினால் சேதி இன்னும் தடைப்படும். 1890-ஆம் வருஷத்திலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். சித்திரை வெயிலில் களை எடுத்தாலும், புகையடுப்பின் முன் நின்றாலும், வெந்நீரில் குளித்தாலும் கண் மங்கலாம், கால் துவளலாம்.

பயப்படாதீர்கள். நிழலில் உட்கார்ந்து உடம்பு குளிர்ந்தால் பழைய நிலை திரும்பிவிடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. வெயில் ஏறுமுன் சமையலை முடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள். மோர், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ குளியுங்கள். நோய் உள்ளவர் குளிக்கும்போது கதவை உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.

7. எதை நாமே பார்ப்பது, எதற்குப் போன், எதற்கு ஓட்டம்?

இந்தப் பகுதியை வெட்டிச் சுவரில் ஒட்டலாம்.

நாமே பார்த்துக்கொள்ளலாம்: வெயிலால் வந்து, குளிர்ந்ததும் போய்விடும் மங்கல். வழக்கமான சோர்வு. மலச்சிக்கல்: இதற்குக் கீரை, பழம், தண்ணீர். சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். குறைத்தால் கிருமி தங்கும்.

அன்றே போன் செய்ய வேண்டும்: புதிய அடையாளமோ, பழையது அதிகமாவதோ ஒரு நாளுக்கு மேல், அதாவது 24 மணி நேரம் விடாமல் நீடித்தால். காய்ச்சல் அல்லது சிறுநீர் எரிச்சல் வந்தால். மருந்து தீர்ந்துபோனால், தவறிவிட்டால், ஒத்துக்கொள்ளாவிட்டால். நாள் தள்ளிப்போனால். மனம் மிகவும் சோர்ந்துபோனால்.

உடனே புறப்பட வேண்டும்: திடீரென்று பார்வை போதல். இரண்டு காலும் வராமல் போதல். சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல். மூச்சு விடவோ விழுங்கவோ திணறுதல். நினைவு தடுமாறுதல். திடீரென்று முகம் கோணி, ஒரு பக்கம் விழுந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். "அவளுக்கு எப்பவும் வர்றதுதானே" என்று காத்திருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

நோய் மறுபடி தாக்கியிருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தால், வழக்கமாக ஸ்டீராய்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அதற்குமுன் சிறுநீரில் கிருமி உண்டா என்று பார்ப்பது அவசியம். கிருமியால் வந்த காய்ச்சலும் நோய் தாக்கியது போலவே வேஷம் போடும். ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் நீங்களே ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள்.

8. மருந்து

தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் உலகில் பழக்கத்துக்கு வந்தன. ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு, ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் உண்டு. எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு. இதில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இந்த மருந்து இனி வரப்போகும் தாக்குதலைக் குறைக்கத்தான். இன்றைய மரமரப்பு இதனால் உடனே போகாது. "போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் பலமாகத் திரும்பும்.

இரண்டாவது, இன்டர்ஃபெரான் போன்ற ஊசி மருந்தைக் குளிர்ச்சியில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் கட்டி உறையும் தட்டில் வைக்கக்கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் நின்றுபோனால், அந்த ஊசியைப் போடலாமா என்று போனில் கேளுங்கள். இந்த ஊசி போட்ட ராத்திரி ஃபுளூ காய்ச்சல் போல உடம்பு வலிக்கலாம். அதற்கு என்ன செய்வது என்பதையும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடும் முறையை முதலில் நேரில் கற்றுக்கொண்டு, பிறகு வீடியோவில் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, "பூரண குணம், முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது போனில் கூப்பிட்டால் ஏமாறாதீர்கள். எம்.எஸ். நோய்க்குப் பூரண குணம் விற்பவர் எவரும் இல்லை. பீடி, சிகரெட் இந்த நோயை வேகப்படுத்தும். இன்றே விடுங்கள்.

9. குழந்தையும் குடும்பத் திட்டமும்

"நரம்பு நோய்க்காரி, பிள்ளை பெறக் கூடாது" என்று சொல்லி எத்தனையோ கல்யாணம் முறிந்துபோகிறது. இது உண்மைக்கு மாறானது. எம்.எஸ். உள்ள பெண் கர்ப்பம் தரிக்கலாம், நல்ல குழந்தை பெறலாம், தாய்ப்பால் கொடுக்கலாம்.

12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 1998-இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நோயின் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. பிரசவம் ஆன முதல் மூன்று மாதத்தில் அதிகமானது. ஆகவே பிள்ளை பெற்ற உடனே "அதான் பெத்தாச்சே, எழுந்து வேலையைப் பாரு" என்று சொல்லக்கூடாத வேளை அது. அந்த மூன்று மாதமும் வாராந்தரப் போன் பேச்சு தவறவே கூடாது. ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொடுப்பதும் துணி மாற்றுவதும் தகப்பன் வேலை.

குழந்தைக்கும் நோய் வருமா? மேலைநாட்டுக் கணக்குப்படி, தாய்க்கோ தகப்பனுக்கோ எம்.எஸ். இருந்தால் 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்கு வரலாம். மீதி 97 பேருக்கு வருவதில்லை.

ஆனால் திட்டமில்லாத கர்ப்பம் கூடாது. எம்.எஸ். மருந்துகளில் சில கருவுக்குக் கெடுதல் செய்யும். டெரிஃபுளூனமைடு, ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபைன் அப்படிப்பட்டவை. குழந்தை வேண்டும் என்றால் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை தகுந்த கருத்தடை முறை அவசியம். தெரியாமல் நாள் தள்ளிப்போனால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் அன்றே போன் செய்யுங்கள். நோய் கணவனுக்கு என்றாலும், மருந்து கருவைப் பாதிக்குமா என்று கேட்டே ஆகவேண்டும்.

காப்பர்-டி, ஆணுறை போன்ற முறைகளை எம்.எஸ். உள்ளவர்களும் கடைப்பிடிக்கலாம். நடமாட முடியாமல் நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு வழக்கமான கருத்தடை மாத்திரை ஏற்றதல்ல. ரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரண்டு குழந்தை போதும் என்று முடிவானால், கணவன் தழும்பில்லாத ஆண் கருத்தடை சிகிச்சை செய்துகொள்வது எளிது. நோயுள்ள மனைவிக்கு இன்னொரு ஆபரேஷன் மிச்சம்.

10. அந்தரங்கமும் மனசும்

தாம்பத்திய உறவால் இந்நோய் கூடாது, தொற்றவும் தொற்றாது. ஆனால் மரமரப்பு, வறட்சி, சோர்வு, ஆண்களுக்கு விறைப்புக் குறைவு ஆகியவை வரலாம். "என்மேல ஆசை போயிடுச்சு" என்று மனதுக்குள் புழுங்காதீர்கள். குறை நரம்பில் இருக்கிறது. இருவரும் பேசி, தெம்பு உள்ள வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போனில் கேட்கலாம். முகம் பார்க்காமல் பேசுவதால் கூச்சம் குறையும்.

எம்.எஸ். உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். சாப்பிடப் பிடிக்கவில்லை, அழுகை வருகிறது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று சொல்கிறார் என்றால் அதுவும் வைத்தியம் பார்க்கவேண்டிய குறையே. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநலச் சேவை 2022 அக்டோபர் முதல் நடக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பராமரிக்கும் கணவனோ மனைவியோகூடக் கூப்பிடலாம். தாங்குகிற தூணுக்கும் முட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா?

11. உங்களுக்கு உள்ள உரிமை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் இடம்பெற்றிருக்கிறது. டாக்டர் சான்றிதழ் பெற்றுத் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். என்னென்ன உதவி கிடைக்கும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985 முதல் நோயாளிகளுக்காகப் பாடுபடுகிறது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. இதே நோயோடு குடும்பம் நடத்தும் இன்னொருவரோடு போனில் பேசக் கிடைத்தால் விடாதீர்கள். அவர் சொல்லும் யோசனை பட்டறிந்து சொல்வது.

நினைவில் வைக்க

1. எம்.எஸ். தொற்றுநோய் அல்ல, சாபமும் அல்ல.
2. வெளியே தெரியாத சோர்வும் உண்மையான நோயே.
3. முதலில் நேரில் பரிசோதனை, பிறகு போன் வழித் துணை.
4. வாரம் ஒரு பேச்சு, வாரம் ஒரு சிறிய முடிவு, தினம் நான்கு வரிக் குறிப்பு.
5. 24 மணி நேரம் நீடித்தால் போன். பார்வை, மூச்சு, சிறுநீர் அடைப்பு என்றால் ஓட்டம்.
6. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
7. திட்டமிட்டுக் குழந்தை பெறலாம்.

இருவரும் கலந்து பேச

அ. நம் வீட்டில் போன் பகலில் யார் கையில் இருக்கிறது?
ஆ. நம்மில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் இன்று அவர் செய்யும் எந்த மூன்று வேலையை மற்றவர் ஏற்றுக்கொள்வோம்?
இ. நம் தெருவில் "சோம்பேறி", "குடிகாரன்" என்று பேர் வாங்கியவர்களில், டாக்டரிடம் காட்ட வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்பது பதிலானால், இந்தத் தாளை அவர் வீட்டில் கொடுத்து, உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை அவர் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நீங்களும் துணைக்குப் போங்கள்.